எரியும் வாசனை

தோர்சாஃபுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் ஒரு நாற்றம் வரும். டயரைக் கொளுத்தி அதன்மேல் சர்க்கரையைக் கொட்டினாற்போல, கருகலும் தித்திப்புமாக. பதினாறு வயதில், துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரப் பள்ளிக்கூடத்தில் அது முதல் தடவை வந்தபோது, யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று ஜன்னலைத் திறக்க எழுந்தவள் அப்படியே விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா மொஞ்சியா ஒன்றையே சொல்லிச் சொல்லிப் பழக்கினாள்.

"நாத்தம் வந்துச்சுன்னா எங்க இருந்தாலும் படுத்துடு. என்ன ஏதுன்னு யோசிக்காத."

பதினைந்து வருடம் அப்படிப் போனது. அடுப்படிக்குள் விடமாட்டார்கள். கடலில் கால் நனைக்க விடமாட்டார்கள். பேசி முடித்த கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் கண்ணெதிரிலேயே அவள் சரிந்ததில் கலைந்தது. அம்மா வெளியே போகும் நாட்களில் அண்ணன் நவ்ஃபல் வீட்டுக் கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைத் தன் கடைக்கு எடுத்துப் போவான். கெட்டவனில்லை. ஒருமுறை அவள் நடுத்தெருவில் கிடந்ததைப் பார்த்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு அதற்குப் பிறகு வந்ததுதான்.

கடைசியில் தலைநகர் துனிஸில் மண்டையைத் திறந்து, வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டியெடுத்தார்கள்.

"வலிப்பு நிக்கும்னு நம்பிக்கை இருக்கு. ஆனா வாசனைய இனம் பிரிக்கிற இடமும் அங்கதாம்மா இருக்கு. அதுல கொஞ்சம் போயிடலாம்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

இரண்டும் நடந்தன. மாதக்கணக்கில் வலிப்பே இல்லை. ஆனால் புதினா, பொரித்த மீன், அம்மாவின் தலைமுடி எல்லாம் ஒன்றுபோலாகிவிட்டன. மூக்கில் ஏதோ படுகிறது என்று தெரியும். எது என்று தெரியாது.

"நல்லதா கெட்டதான்னாவது தெரியுதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு. யாருன்னு தெரியல."

அதனால் எது மூக்கில் பட்டாலும் அவளுக்குப் பயம். பழைய நாற்றமாக இருந்தால்? காபிக்குப் படுத்தாள், சோப்புக்குப் படுத்தாள். "அவளுக்கே இன்னும் நம்பிக்கை வரல. ரெண்டு வருஷம் போகட்டும்" என்று நவ்ஃபல் பூட்டை விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை அம்மா பொதுக் குளியலிடமான ஹம்மாமுக்குப் போயிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. தோர்சாஃப் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஏதோ மூக்கில் ஏறியது. இதுவரை இல்லாத காட்டம். வந்துவிட்டது என்று நினைத்தாள். அறுவைச் சிகிச்சை, மொட்டைத்தலை, மாத்திரைகள், எல்லாம் வீண். பழகியபடி ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வலிப்பு பிடிக்குமுன் நெஞ்சை நோக்கி வயிறு எழும்பும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மாறாகக் கண் எரிந்தது, இருமல் வந்தது. வலிப்பில் கண் எரிந்ததே கிடையாது.

கண்ணைத் திறந்தாள். கூரையை ஒட்டிப் புகை நகர்ந்துகொண்டிருந்தது.

அடுப்படியில், அம்மா சிறு தீயில் வைத்துப்போன கறியும் பீன்ஸும் வற்றிக் கரியாகி, கைப்பிடித் துணியில் பற்றிய நெருப்பு திரைச்சீலையில் ஏறியிருந்தது. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் திருகினாள். வாளித் தண்ணீரை வீசினாள். புகை இன்னும் மண்டியது. ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

கீழ் வீட்டு சபீஹா அண்ணாந்து பார்த்தாள். "கதவத் திறந்து வெளிய வாடீ!"

"பூட்டியிருக்கு சபீஹா லல்லா!"

"எந்தப் பாவி பூட்டினான்?"

"எங்கண்ணன்!"

தெரு முழுக்கக் கேட்டது. தெருவில் இருந்தவர்கள் கடப்பாரையோடு மாடியேறிக் கதவைப் பெயர்த்து, அவளை வெளியே இழுத்துவிட்டு நெருப்பை அணைத்தார்கள்.

நவ்ஃபல் மூச்சிரைக்க வந்து நின்றான். "அடுப்படிக்கு ஏன்டி போன?"

ஈரத்தலையோடு வந்திருந்த மொஞ்சியா குறுக்கே புகுந்தாள். "அவ போகலடா. பாத்திரத்த வெச்சது நான். பூட்டினது நீ."

"தொறந்து விட்டிருந்து, இவளுக்கு வலிப்பு வந்திருந்தா?"

"வரலண்ணா" என்றாள் தோர்சாஃப். குரல் கரகரத்தது. "வரும்னு படுத்துக் காத்துக்கிட்டிருந்தேன். வீடு எரியுது, நான் படுத்திருக்கேன். இனிமே என்னைப் பூட்டாத."

அவன் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். புதுக் கதவு மாட்டியபோது ஒரு சாவியை அவளிடம் கொடுத்தான். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் தனியாகத் தெருவில் இறங்கினாள். முனை திரும்பியதும் ஏதோ மூக்கில் பட்டது. நடைபாதையிலேயே படுத்துவிடத் தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கீரை விற்றுக்கொண்டிருந்தவளைக் கேட்டாள்.

"அக்கா, இங்க ஏதாவது வாசனை வருதா?"

"மூக்கடைப்பா உனக்கு? எதிர்க்கடையில எண்ணெய் கருகுது பாரு, ஊரே நாறுது."

கருகும் எண்ணெய். தோர்சாஃப் சுவரிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த தெருவில் ரொட்டிக் கடைக்காரனையும் அதையே கேட்டாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரொட்டி வேகும் வாசனை என்றான். அதற்கு மேல் போகக் கால் வரவில்லை. சூடான ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, சுவரோரமாகவே வீட்டுக்குத் திரும்பினாள்.