கைப்பிடியில் ஒரு காசு

புதுக் கார் வந்த மூன்றாம் நாள். இடப்பக்கக் கதவின் கைப்பிடி இடுக்கில் யாரோ ஒரு நாணயத்தைச் சொருகியிருந்தார்கள். எடுக்கப் போனேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார்.

“தானா வந்த காசு மாப்ளே, எடுத்துடாதீங்க. வண்டிக்கு ராசி.”

அவரோடு யார் மல்லுக்கட்டுவது? ரிமோட்டை அழுத்தினேன். ‘கீக்’ என்றது. பூட்டிவிட்டதாக நம்பி மாடியேறினேன்.

சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தால் காரைக் காணோம்.

“அந்தக் கதவு பூட்டிக்கக் கூடாதுன்னு திருடன் வெச்ச காசு சார் அது. உருவி எறிய வேண்டியதுதானே?” என்றார், காசு விஷயத்தைக் கேட்டதும், விசாரிக்க வந்த போலீஸ்காரர்.

பின்னால் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

“எடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். எனக்குத் தெரியாம எடுத்திருப்பாரு. அப்புறம் வண்டி நிக்குமா?”