சாத்தாங்காட்டு மெஷினுக்குப் புது டிஸ்க்

அந்தக் கம்ப்யூட்டர் செத்துத் தொலைந்தால் போதும் என்றிருந்தது டோரதிக்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், பிளேட் வெட்டுவதற்குப் படம் போடுகிற பழைய ஒர்க்ஸ்டேஷன் அது. பல வருஷமாக அதன் முன்னால் உட்காருகிறவள் அவள்தான். இப்போது அதன் டிஸ்க் நிரம்பிவிட்டது. செய்த கம்பெனியோ அந்த மாடலுக்கு டிஸ்க் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வேறு கம்பெனி டிஸ்க் ஒத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் இங்கே மூடிவிட்டு நீ யானைக்கவுனி ஆபீசுக்கு வந்துவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் வீடு ராயபுரம். யானைக்கவுனிக்கு பஸ் ஏறினால் உட்காருவதற்குள் இறங்கிவிடலாம். இங்கே வர, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று இடுப்பு ஒடிகிறது. மூக்கைச் சிந்தினால் துரு வருகிறது. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலாளி அனுப்பிய மெக்கானிக் ஜாபர், டோரதியின் தெருக்காரன். நல்லவன். அதுதான் வினையாயிற்று. மெஷின் போனால் அக்கா வேலையும் போய்விடும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். மெஷின் போனால்தான் தனக்கு நல்லது என்று உண்மையைச் சொன்னால், அவனை முதலாளியிடம் பொய் சொல்லச் சொன்ன மாதிரி ஆகும். அவள் வாயைத் திறக்கவில்லை.

கொண்டுவந்த டிஸ்க் உள்ளே உட்காரவில்லை, திருகு ஓட்டைகள் பொருந்தவில்லை. டோரதிக்கு உயிர் வந்தது. அவனோ வெளியே போய் ஒரு தகரத்துண்டைப் பொறுக்கி வந்து, ஓட்டை போட்டு, தாங்கி செய்துவிட்டான். சாத்தாங்காட்டில் தகரத்துக்கா பஞ்சம்! ஆனால் புது டிஸ்க்கைக் கோர்த்ததும் மெஷின் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. மாதாவே, இப்படியே கிடக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, இந்தப் பூசாரி மத்தியானச் சோறுகூடத் தின்னாமல் மாரடித்தான்.

"உடு ஜாபர். வயசான மெஷினு. நீ வூட்டுக்குப் போ" என்றாள்.

"பேஜாராவாதக்கா. நான் கீறேன்ல."

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி நம்பர் இருந்தால்தான் மெஷினுக்கு அடையாளம் தெரியும்; பழையதுக்கும் புதிதுக்கும் ஒரே நம்பர் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தான். புதிதின் முதுகில் நம்பரை மாற்றுவதற்கென்று இருந்த சின்னக் கிளிப்பைப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினான். மெஷின் முனகிக்கொண்டே எழுந்தது. திரையில் இரண்டு டிஸ்க்கும் வரிசையாகத் தெரிந்தன. அவன் செல்போனில் முதலாளிக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினான்.

"உள்ள இன்னும் ரெண்டு எடம் காலியா கீதுக்கா. ரொம்புச்சுன்னா சொல்லு, நானே வந்து மாட்டறேன். இனிமே உன்ன இங்கேர்ந்து எவனும் அசைக்க முடியாது."

டோரதிக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, ஜாபரும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.