ராணி உடையில் ஒரு ஓட்டை

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கிவிட்டால், நாய்க்கு உடை தைக்கிறவளுக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை. மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

செல்லப்பிராணிக் கடையின் பின்னறைதான் அவள் ராஜ்ஜியம். தொப்பி வைத்த கோட்டு, முதுகில் இறக்கை, ராஜா அங்கி என்று ஊரிலுள்ள நாய்களெல்லாம் விடுமுறை போட்டோவுக்கு நிற்க வேண்டுமாம். நாய்களா கேட்டன? பாவம், அதுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு 'சீக்கிரம் முடி தாயே' என்பதுபோல அசையாமல் நிற்கும். அதுகள்மேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை.

நாய் உடையில் இரண்டு சங்கதி முக்கியம். வயிற்றுப் பக்கம் துணி குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலைத் தூக்கியதும் நனையும். பின்னால் வாலுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்தால் எந்த நாயும் கடிக்காது.

அவள் மகளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர் வைத்தது கடைக்காரம்மா. அப்படி ஒல்லி. பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். போன வருஷ நாடகத்தில் மரமாக நின்றவள், இந்த வருஷம் ராணி. லேசுப்பட்ட பதவியா?

"அம்மா, என் கவுனு?"

"தைக்கிறேன்டி."

"அளவே எடுக்கலையே?"

"இந்த ஒண்ணு முடியட்டும்."

இந்த ஒன்று முடிவதற்குள் அடுத்தது வாசலில் குரைக்கும். கழுத்து, மார்பு, முதுகு, வால் என்று எல்லாவற்றுக்கும் டேப் போனது. கூச்ச சுபாவம் என்று சொல்லி ஒரு பொமரேனியனுக்குத் திரும்பத் திரும்ப அளவெடுக்க வைத்தார்கள். மேசைக்கு அடியில் இருந்தவளிடம் மட்டும் டேப் போகவே இல்லை.

"ஒரு மணி நேரம் விடுங்கம்மா, பிள்ளை கவுனை முடிச்சிடறேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்துவிட்டு, கடைக்காரம்மா அடுத்த நாயை உள்ளே அனுப்பினாள்.

நாடகத்தன்று சாப்பாட்டு நேரத்தில், அம்மா சாப்பிடாமல், மிச்சம் விழுந்த நீல வெல்வெட்டை எடுத்தாள். பெற்றவளுக்குத் தெரியாத அளவா? கண்ணைத் தூக்கம் இழுத்தது. கை தன்பாட்டுக்கு வெட்டியது, மெஷின் தன்பாட்டுக்கு ஓடியது. முடித்ததும் மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

மேடைக்குப் பின்னால் குண்டூசி கவுனை மாட்டிக்கொண்டாள். முன்பக்கம் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தோள் பிடித்தது. அவள் திரும்பியதும் சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னால், சரியான இடத்தில், வட்டமாக ஒரு ஓட்டை. ஓரம் அழகாக மடித்துத் தைத்திருந்தது.

"ராணிக்கு வால் உண்டுன்னு கதையில இல்லையேம்மா!" என்றார் டீச்சர்.

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. தன் சால்வையை உருவி, மகளின் முதுகில் அங்கிபோலத் தொங்கவிட்டு ஊசி குத்தினாள். ஓட்டை மறைந்தது. சிரித்தவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

குண்டூசி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"நான் கடிக்க மாட்டேன்னுதானே என்னைக் கடைசியா வெச்சே?" என்று கேட்டாள்.

அம்மா தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"கையை விரி. தோளைப் பிரிச்சு விடறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

மகள் கைகளை விரித்தாள். தோள், மார்பு, முதுகு. டேப் அம்மா நினைத்திருந்த இடத்தையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை தானேதான் வளர்ந்திருந்தாள். அம்மாவுக்குக் கண்ணீர் மறைத்தது, எண் தெரியவில்லை.

"சீக்கிரம் முடிம்மா" என்றாள் ராணி, தலையைத் தொங்கப்போட்டு, அசையாமல் நின்றபடி.