மழைநீர் கூரையில் விழக் கூடாது

கழிவுநீர் விதிகள் திருத்தப்பட்ட ஆண்டிலிருந்து எங்கள் நகரத்தில் எந்தக் கூரையிலும் மழை விழுவதில்லை. தெருவில் விழும், தோட்டத்தில் விழும், குடையை மறந்தவர் தலையில் தாராளமாக விழும். கூரைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் தயங்கி, ஓரமாக ஒதுங்கி, சுவரை ஒட்டி மண்ணில் இறங்கிவிடும். அதற்கு முன்பெல்லாம் பாதி ஊர் தன் மாடித் தண்ணீரைக் கள்ளக் குழாய் வைத்துச் சாக்கடையில் கலந்துவிட்டிருந்தது. மழை பெய்தால் சாக்கடை நிரம்பும். நிரம்பியது பள்ளத்தெரு வீடுகளின் குளியலறை வழியாக மேலே வரும். மேட்டுத்தெருக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டு உச்சுக்கொட்டுவதோடு சரி.

அதைத் தடுக்கத்தான் புதிய விதிகள். அவற்றை அடித்துக்கொடுத்த நகராட்சி டைப்பிஸ்ட்டின் அக்கா பள்ளத்தெருவில் குடியிருந்தாள். விதிகளை அடித்த நாள் காலையிலும் வீட்டுக்குள் கணுக்கால் அளவு சாக்கடை. கைக்குழந்தையைக் கட்டில்மேல் உட்காரவைத்துவிட்டு தங்கைக்கு மூன்று முறை போன் செய்து அழுதாள். "மழைநீர் கூரையில் விழுந்து, குழாய் வழியே சாக்கடையில் விழக் கூடாது" என்பது நான்காம் விதி. 'கூரையில்' வரை அடித்தவளின் கண், 'சாக்கடையில்' என்பதற்கு அடுத்த சொல்லுக்குத் தாவிவிட்டது. "மழைநீர் கூரையில் விழக் கூடாது" என்றே அச்சாகி, முத்திரை விழுந்து, அறிவிப்புப் பலகையில் ஏறியது. நிலத்தடி நீர் கசிந்து உள்ளே வராதபடி வீட்டுக்காரர்கள் விரிசல் குழாய்களை மாற்ற வேண்டும் என்றது ஐந்தாம் விதி. அது மனிதர்களுக்குச் சொன்னது என்பதால் இன்றுவரை ஒருவரும் மாற்றவில்லை. நான்காம் விதி மழைக்குச் சொன்னது. மழை படித்திருக்கிறது.

முதல் மழையில் சாக்கடை நீரேற்று நிலையத்தின் அளவுமானி அசையவில்லை. பொறியாளர் மானியைச் சந்தேகித்து மூன்று முறை மாற்றினார். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். பக்கத்து வீட்டான் தன் மாடியில் ஏதோ செய்து நம் மழையையும் திருப்பிவிட்டான் என்று மருந்துக்கடைக்காரர் புகார் எழுதினார். எல்லோரையும் சந்தேகித்தவர் சாக்கடை ஆய்வாளர், அதாவது டைப்பிஸ்ட்டின் கணவர். டீயில் சர்க்கரை கூடினாலே காரணம் கேட்கும் அவருக்கு மோப்பக்காரர் என்று பட்டப்பெயர். அவர் சாக்கடைக்குள் புகையை ஊதிவிட்டுத் தெருவில் நின்று பார்த்தார். நாற்பத்தொரு வீட்டு மாடிக் குழாய்களில் புகை வந்தது.

"ஒருத்தனும் குழாயைப் பிடுங்கல. அப்ப மழைத்தண்ணி எங்க போகுது? ஊரே சேர்ந்து என் காதுல பூ சுத்துது" என்றார் மனைவியிடம்.

"அக்கா வீட்டுக்குள்ள தண்ணி வரலல்ல, விடுங்களேன்."

"நீ ஏன் விடச் சொல்றே?"

மறுநாள் அவர் கைப்பிரதியையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அந்த விதிகளை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். அவள் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான். தெரியாம நடந்தது. ஆனா திருத்துனா அக்கா வீட்டுக்குள்ள மறுபடியும் வரும்." அவர் நேர்மையானவர், அந்த இளம் வயதில் நேர்மையில் கொஞ்சம் திமிரும் உண்டு. பிழையை எழுதிக்கொடுத்தார். திருத்தம் பலகையில் ஏறிய வாரமே மழை எல்லாக் கூரைகளிலும் கடமை தவறாமல் விழுந்தது. அவர் பள்ளத்தெருவுக்குப் போனபோது குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மனைவியின் அக்கா குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு வாளியை எடுத்தாள். முழங்கால் ஆழத்தில் குழந்தையோடு அவர் இரண்டு மணி நேரம் நின்றார். வெட்கமாக இருந்தது. யாரைச் சந்தேகப்படுவது என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை.

ஈரக் கால்சட்டையோடு நேரே அலுவலகத்துக்குப் போய் மனைவியின் மேஜை முன் நின்றார்.

"முன்னாடி அடிச்ச மாதிரியே அடி."

"தப்பாவா?"

"ஒரு எழுத்துகூட மாறக் கூடாது."

அவள் அடித்தாள். அவர் மூன்று முறை படித்து, கீழே 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்திட்டார். பொறியாளர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்திட்டார்.

அந்தப் பொறியாளர் ஓய்வுபெற்றுவிட்டார், மானி துருப்பிடித்துவிட்டது, அந்த அக்காவின் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறது. மோப்பக்காரர் மட்டும் மழை நாட்களில் பலகைக்குப் போய் நான்காம் விதியை யாராவது திருத்திவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். மற்றபடி, மழை வந்தால் துணி எடுக்க எங்கள் நகரத்தில் யாரும் மாடிக்கு ஓடுவதில்லை.