பதினோராவது விரல்

திண்டிவனம் பக்கத்து அந்த பிஸ்கட் கம்பெனியில், "எத்தனை வருஷமா இருக்க?" என்று யாரும் கேட்பதில்லை. எந்த விரல் என்றுதான் கேட்பார்கள். எட்டு மாதம் நிறைவதற்குள் பிரேக் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் ஆட்கள் நிரந்தர வேலை கேட்டுவிடுவார்களே! ஒரு மாதம் கழித்து வேறு காண்டிராக்டர் பெயரில், புது நம்பரில், அதே பேக்கிங் வேலைக்கு வரலாம். ஆனால் வருகைப் பதிவு மெஷின் பழைய ரேகையைப் புது நம்பரில் ஏற்காது. அதனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த விரல். இரண்டு கைக்கும் சேர்த்துப் பத்துதான் என்பதை இந்த ஏற்பாட்டைச் செய்த மகராசன் யோசிக்கவே இல்லை.

கலையரசிக்குப் பத்தும் முடிந்திருந்தது.

பிரேக் மாதத்தில் சொந்த ஊரான ஓமந்தூரில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போதெல்லாம் இதே யோசனைதான். பக்கத்து வீட்டு முனியம்மாள், "இனிமே செருப்ப கழட்டிட்டு கால்வெரல வெய்யி" என்று கிண்டல் செய்தாள். கலையரசியும் சிரித்தாள். ஆனால் இந்த வேலை போனால், விழுப்புரத்தில் நர்சிங் படிக்கும் மகள் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

பிரேக் முடிந்து கம்பெனிக்குப் போனபோது, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் கோகுலகிருஷ்ணன் என்ற புதுப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"எந்த வெரல்மா?"

"எல்லாம் ஆயிடிச்சி சார். இனி எதை வெக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவன் நம்பவில்லை. வரிசையாக வைக்கச் சொன்னான். ஒவ்வொரு விரலுக்கும் திரையில் ஒரு கலையரசி போட்டோவோடு வந்தாள். முதல் விரலில் கன்னம் உப்பி, மூக்குத்தியோடு இருந்தாள். மூன்றாவதில் மூக்குத்தி இல்லை. ஏழாவதில் கண்ணாடி வந்துவிட்டது. அடுத்தவள் எப்படி இருப்பாளோ என்று அவளே ஆவலாக விரலை மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஏழு வருஷமா இங்கதான் இருக்கீங்களாக்கா?"

"ஆமாங்க சார். இத ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுக்கறீங்களா?"

அவன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தான். "குடுத்தா என் வேலை போயிடும்க்கா. பழசையெல்லாம் அழிச்சாதான் புதுசு ஏறும். அழிக்கறதுக்கும் நீங்கதான் வெரல் வெக்கணும்."

"அழிச்சிட்டா வேலை உண்டுல்ல?"

"உண்டுக்கா."

வெளியே பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவள் கடைசி விரலிலிருந்து ஆரம்பித்தாள். வைக்க வைக்க ஒவ்வொருத்தியாகப் போனார்கள். மூக்குத்திக்காரி வந்ததும் கை நின்றது. அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு விரலை அழுத்தினாள்.

கோகுலகிருஷ்ணன் புதுப் படிவத்தை எடுத்தான். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினான். முன் அனுபவம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவன் நிமிரவே இல்லை.

"இல்லன்னு போட்டுக்கோங்க சார்" என்றாள் கலையரசி.