கட்டிலுக்குக் கேட்ட மரம்

பிரேசிலில் பனி கொட்டியதற்குச் சேலத்து மலைமேல் கொட்டச்சேட்டில் ஒருவர் புதுக் கார் வாங்கினார். பாக்கியநாதன் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காபி எஸ்டேட்டின் முதலாளிதான் அவர். அரசாங்கம் கொடுக்கிற விலையை வாங்கிக்கொண்டு சிவனே என்று இருந்த காலம் போய், காபியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று வந்திருந்தது. அங்கே செடி கருகினால் இங்கே விலை ஏறியது. அங்கே விளைந்து தள்ளினால் இங்கே விழுந்தது. விழுந்தபோது முதலாளி காரை விற்றார், அப்புறம் எஸ்டேட்டையே விற்றார். வாங்கியது ஒரு பம்பாய்க் கம்பெனி. அதற்கு ஏதோ வெளிநாட்டுக்காரன் கூட்டாளி. செடியைப் பிடுங்கிவிட்டு உல்லாச விடுதி கட்டப்போகிறார்களாம். பேப்பரில் இதற்கு உலகமயம் என்று பேர் போட்டிருந்தான். பேர் வைப்பதற்கு மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

வேலையாட்களை எல்லாம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். பாக்கியநாதனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவருக்கு எல்லைக்கல் எல்லாம் அத்துப்படி, அரைகுறையாக இங்கிலீஷும் வரும். சம்பளமும் கூடியது. மகள் ஆரோக்கியசெல்வி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படிப்பது இந்த வேலையை நம்பித்தான். ஊரே அவரைப் பார்த்து வயிறெரிந்தது. அவரோ, வேலை என்றைக்குப் போகுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தார்.

நீச்சல் குளத்துக்கு இடம் பார்த்தார்கள். சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்ற சரிவுதான் பிடித்திருந்தது. அந்த வரிசையின் கடைசி மரத்தடியில் பாக்கியநாதனுக்கும் அமலிக்கும் பிறந்த முதல் பிள்ளை கிடந்தது. மூச்சு விடாமலே பிறந்த ஆண் பிள்ளை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அன்றைக்கு உபதேசியார் சொல்லிவிட்டார். எஸ்டேட் ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு கன்றை நட்டார்கள். அது வளர்ந்ததும் அமலி மிளகுக் கொடி ஏற்றிவிட்டாள். கல்லறைத் திருநாளன்று ஊரெல்லாம் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அவள் மரத்தடிக்குப் போவாள். பாக்கியநாதன் ஒரு தடவைகூட உடன் போனதில்லை. பேர்கூட வைக்காத பிள்ளைக்கு என்ன அழுகை என்று அப்போதே அவளை அதட்டியவர் அவர்.

மரங்களை வெட்டப்போகிற சேதி வந்த அன்று அமலி சோற்றைத் தொடவில்லை.

"ஏனுங்க, அந்த ஒரு மரத்த மட்டும் உட்டுடச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"சொல்றேன்."

போய்ச் சொல்லத்தான் செய்தார். மேனேஜர் பம்பாய்ப் பையன், சின்ன வயசு, குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த மரம் எதற்கு என்று கேட்டார். பிள்ளையைப் புதைத்த இடம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. குளிக்கிற இடத்தில் பிணமா என்று முகம் சுளித்தால்? தோண்டி எடுத்துக்கொண்டு போ என்றால்? இந்தப் பட்டிக்காட்டான் நமக்கு எதற்கு என்று நாளைக்கே சீட்டைக் கிழித்தால்?

"மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்யணும் சார். இப்ப நிற்கட்டும், அப்புறம் வெட்டிக்கொள்கிறேன்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் சிரித்து, அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். கல்யாணம் வரைக்கும் தள்ளிப்போட்டாயிற்று, அதற்குள் ஒரு வழி பிறக்கும் என்று பாக்கியநாதன் நினைத்தார்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்று வீட்டில் சொன்னார். அமலி நாகலூர் கடைக்குப் போய், திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள்.

அடுத்த வாரம் வாசலில் லாரி வந்து நின்றது. எஸ்டேட்டில் முன்பு வேலை பார்த்த சித்தன் இறங்கினான். இப்போது மரக் கான்ட்ராக்டரிடம் இருக்கிறான். லாரியில் புதுப் பலகைகள்.

"ரைட்டரய்யா, தொரை உங்க மரத்தத்தானுங்க மொதல்ல வெட்டச் சொன்னாரு. ரைட்டரு எதுக்குக் காத்துக் கெடக்கோணும், மில்லுல அறுத்து ஊட்டுலயே எறக்கிருன்னாருங்க. ஒத்தப் பைசா வேண்டாமுங்களாம். நொம்ப நல்ல மனுசனுங்க."

பலகைகளை இறக்கி அடுக்கினான். பச்சை மர வாடை வாசலெல்லாம் வீசியது. கடைசியாக, சுருட்டி வைத்திருந்த மிளகுக் கொடியை எடுத்து மேலே வைத்தான். "அம்மா வெச்ச கொடியின்னு தெரியுமுங்க. அறுக்காமக் கொண்டாந்துட்டேன்."

லாரி போன பிறகு அமலி வெளியே வந்தாள். பலகையைப் பார்த்தாள். கொடியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"கட்டில் செய்யறதுக்குன்னு..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். "எம் புள்ளைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. மேனேஜர் தலையை நீட்டி, பலகையைக் காட்டி, சந்தோஷம்தானே என்று கேட்டார். அமலி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது சொல்லிவிடலாம். இனி வெட்ட மரமுமில்லை. பாக்கியநாதன் வாயைத் திறந்தார்.

"தேங்க் யூ சார்" என்று வந்தது. ஜீப் சத்தத்தில் மேனேஜருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

அமலி கொடியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாக்கியநாதன் பலகைமேல் உட்கார்ந்தார். அதில் இன்னும் ஈரம் இருந்தது. அந்தப் பிள்ளைக்காக அவர் அழுதது அன்றைக்குத்தான்.