படங்கு பிடித்த மாப்பிள்ளை

குண்டசாலையில் உள்ள ஒரு தரவு மையத்தில் மின்சாரத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் வினோதினி. அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை புவனேஸ், கலஹாவில் ஆசிரியர். சம்மதம் சொல்லும் முன் அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவள்தான் ஒரு மதியம் வேலையிடத்துக்கு வரச் சொல்லியிருந்தாள்.

அவன் கதிரையில் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கியது. ஆனால் அன்றைய வெயிலில் அதன் சூடு ஏறிக்கொண்டே போனது. வினோதினி கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். புவனேசும் கூடவே ஓடினான். ஜெனரேட்டர் வெளியே தள்ளிய அனல்காற்று, புதிதாகக் கட்டிய மதிலில் மோதி மறுபடி ஜெனரேட்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் அது நின்றுவிட்டால், பேட்டரிகள் சில நிமிடங்களுக்குத்தான் ஈடுகொடுக்கும்; பிறகு உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாம் அணைந்துவிடும்.

மதிலோரம் மழைக்குச் சாமான்களை மூடும் தார்ப்பாய்ப் படங்கு ஒன்று கிடந்தது. "அதைத் தூக்கிப் பிடிங்க! சூட்டுக் காத்து உள்ள போகாம மறைக்கணும்!" என்று கத்தினாள்.

புவனேஸ் ஒரு முனையையும், சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளி மறுமுனையையும் பிடித்தார்கள். அனல் நேராக அவன் முகத்தில் அடித்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

"கை வலிக்குதா?"

"வலிக்குது. சூடு இறங்குதா, அதைச் சொல்லுங்க!"

"இறங்குது!"

கரண்ட் வரும்வரை அவன் கையை இறக்கவில்லை. பிறகு அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னமோ கேக்கணும்னு வரச் சொன்னீங்களே?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிறைய யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் மறந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."